கனமும் கௌரவமும்

தமிழிலே 'கனம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பாரம், மற்றொன்று கௌரவம். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொண்ட ஓர் உபாத்தியாயரின் கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம். அந்த உபாத்தியாயர் அடியேன்தான்.

என்னிடம் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் இருந்தது. 'இருந்தது' என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகிறது. 1932-இல் இங்கிலாந்தில் பெயர் சூட்டப் பெற்று, 1955-இல் சென்னைக்கு வந்து, இந்நாட்டு வண்டியாகவே ஆகிவிட்ட வம்சம் அதனுடையது. 2002-இல், கடன் வாங்கி அதை வாங்கினேன். பள்ளிக்கூடத் தெருக்கோடியில் அதன் சப்தம் கேட்டதுமே வகுப்பில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு கட்டியங்காரன் வேறு எந்த உபாத்தியாயருக்குக் கிடைப்பான்?

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய காலத்து வீடு. தெருவிலிருந்து நான்கு படி ஏறினால் திண்ணை, அப்பால் ரேழி. இரவில் வண்டிக்கு ரேழியில்தான் வாசம். படிக்கட்டை ஒட்டி ஒரு சிமிண்டுச் சரிவு. தினந்தோறும் காலையில் அதன் வழியே வண்டியைப் பின்புறமாக இறக்க வேண்டும். மாலையில் தள்ளி ஏற்ற வேண்டும். முப்பது வயதில் ஒரே மூச்சில் ஏற்றினேன். நாற்பதில் இரண்டு மூச்சு ஆயிற்று. நாற்பத்தைந்துக்கு மேல், எதிர்வீட்டுத் திண்ணையில் யாரும் இல்லையென்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே ஏற்றத் தொடங்கினேன். இடுப்பு வலியை வீட்டில் சொல்லவில்லை. பழியெல்லாம் ஒரு பாவமும் அறியாத தலையணையின் மேல் விழுந்தது.

2024-ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு மழைநாள் மாலை. சரிவு நனைந்திருந்தது. பாதி ஏற்றியிருப்பேன்; செருப்பு வழுக்கிற்று. வண்டி என் பக்கம் சாய்ந்திருந்தால் பாதகமில்லை. படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தது. என் பெண், பத்து வயதுக் குழந்தை, அப்போதுதான் முதற்படியில் காலை வைத்தாள். கைப்பிடியை இரு கைகளாலும் இழுத்தேன், நிற்கவில்லை. என் மனைவி குழந்தையின் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்த அதே கணத்தில் வண்டி அந்தப் படியின் மேல் விழுந்தது. முன்விளக்கு நொறுங்கிற்று. தெய்வாதீனமாக வேறொன்றும் நேரவில்லை.

விழுந்ததைத் தூக்கவும் என்னால் ஆகவில்லை. வழியோடு போன என் பழைய மாணவன் ஒருவன், "நகருங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று தூக்கி நிறுத்தினான்.

அன்றிரவு என் மனைவி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு வாதாடியிருப்பேன். "வண்டியை விக்கச் சொல்லலீங்க. உங்களால பிடிக்க முடியாத சாமானை எங்க பக்கத்திலே நிறுத்தாதீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

தூக்கம் வராமல், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கை எனக்கே போட்டுப் பார்த்தேன். இன்று விற்கும் புல்லட் 350-இன் எடை 195 கிலோ. என்னுடைய பழைய வண்டி அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஈர்ப்பு மையம் கைப்பிடி உயரத்தில் பாதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 கிலோ வண்டி 15 டிகிரி சாய்ந்தால் கைப்பிடியில் நாம் தாங்கவேண்டியது ஏறக்குறைய 25 கிலோ. 30 டிகிரி சாய்ந்தாலோ 49 கிலோ! சாயச் சாயப் பாரம் ஏறுகிறது. 112 கிலோ வண்டியானால் அதே 30 டிகிரியில் 28 கிலோதான். அந்த வித்தியாசம் ஒரு குழந்தையின் கால் அளவு என்று அன்று எனக்குப் பட்டது.

ஓடுகிற வண்டியில் இந்தப் பாரம் தெரிவதேயில்லை. சாய்கிற பக்கமாக முன்சக்கரம் தானே சிறிது திரும்பிச் சமன் செய்துகொள்கிறது. நிற்கும்போதும் தள்ளும்போதுந்தான் முழுப் பாரமும் நம் முதுகுக்கு வருகிறது. ஆகையால் வயது ஏறியவர்கள் வண்டி வாங்கும்போது முதலில் ஓட்டிப் பார்ப்பது தவறான பரீட்சை. நிறுத்திப் பார்ப்பதே சரியான பரீட்சை.

கடைக்குப் போய் நான் அப்படியே செய்தேன். இஞ்சினைக் கிளப்பாமல் வண்டிமேல் உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படிகின்றனவா என்று பார்த்தேன். புல்லட்டின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸினுடையது 785. இருபது மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். குதிகால் தரையில் படுவதும் படாததும் அதில்தான் இருக்கிறது. பிறகு கடைவாசல் மேட்டில் பின்னோக்கித் தள்ளி ஏற்றினேன். நடு ஸ்டாண்டில் இரண்டு முறை நிறுத்தி எடுத்தேன். முழங்கை இலேசாக மடிந்து முதுகு நிமிர்ந்திருக்கிறதா, முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்குகிறதா என்று கவனித்தேன். கடைசியாக, என் மனைவியைப் பின்னால் ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னேன். "ஓட்டிப் பாக்கலையா சார்?" என்று கடைப் பையன் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பேசாமலிருந்துவிட்டான்.

"ஸ்கூட்டர் வாங்கலாகாதா?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. காலைத் தூக்கிப் போட முழங்கால் இடந்தராதவர்களுக்கு ஸ்கூட்டரே உத்தமம். ஆனால் அதன் சக்கரம் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம்; நான் வாங்கிய வண்டியினுடையது 18 அங்குலம். பெரிய சக்கரம் தாண்டிவிடும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கிவிடுகிறது. அந்த அதிர்ச்சி நேரே இடுப்புக்குப் போய்ச் சேருகிறது. என் இடுப்புக்கு அது ஆகாது.

நஷ்டமே இல்லையென்று சொல்லமாட்டேன். தஞ்சாவூர்ச் சாலையில் பஸ் கடந்து போனால் புது வண்டி சற்று அசைகிறது. புல்லட் அதைச் சட்டைகூடச் செய்யாது. அந்தக் கம்பீரத்தை நினைத்து ஏங்குவதும் உண்டு. பழைய வண்டியை, அன்று அதைத் தூக்கி நிறுத்திய மாணவனே வாங்கிக்கொண்டான். தெருவில் அந்தச் சப்தம் கேட்டால் இன்னும் என் தலை தானாகத் திரும்புகிறது.

வகுப்பிலும் ஒரு மாறுதல். கட்டியங்காரன் போய்விட்டபடியால் நான் வருவது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் என்னிடம் வைத்திருந்த பயபக்தியில் எவ்வளவு எனக்கு, எவ்வளவு புல்லட்டுக்கு என்பது முதல் நாளே விளங்கிவிட்டது!

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் நாற்பதைத் தாண்டிய ஒருவர் கனமான வண்டி வைத்திருக்கக்கூடும். அவர் சாலையில் ஓட்டுவதைப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். காலையில் அவர் வண்டியை வாசலுக்கு இறக்கும்போது, அவர் அறியாமல் ஒரு முறை பாருங்கள். அவர் தலையணையைக் குறை சொல்லுகிறாரா என்பதையும் விசாரியுங்கள்.