உதவித் தொகை யாருடைய பணம்?

நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் வருமானம் மாதக் கணக்கில் வருவதன்று. பாவு அறுத்துச் சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்தால் கூலி. விளைச்சல் விலை போனால் பணம். மழைக்காலத்தில் தெருவிலே பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. தறி ஓய்ந்து கிடக்கும். ஆடியில் விதைத்தவரோ தை பிறக்கும் வரை கையிலுள்ளதைச் செலவிட்டுக் கொண்டேயிருப்பார். இத்தகைய குடும்பங்களில் மாதந்தோறும் வரும் ரொக்கம் அரிது. அவ்வரிய வரவுகளுள் ஒன்று, ஆதரவற்ற முதியோருக்கு அரசாங்கம் அளிக்கும் உதவித் தொகை. அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வியை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சென்னை ராஜ்யத்தில் 1962-ஆம் ஆண்டு இத்திட்டம் தொடங்கப்பட்டபோது தொகை மாதம் 20 ரூபாய். அது 2011-இல் 1000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டு முதல் 1200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 1200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். மத்திய சர்க்கார் இதற்கு அளிக்கும் பங்கு 2006-இல் 200 ரூபாயாக்கப்பட்டது. எண்பது வயது நிரம்பாதவர்க்கு அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உயரவில்லை. விலைவாசி ஏறும்போது தானே ஏறும் தொகையன்று இது. ஆகையால், அடுத்த வருஷம் உயரும் என்று எண்ணிச் செலவுக்குத் திட்டமிடுவது சரியன்று.

தொகை சிறிதென்பதை விட நம்மை வருத்துவது வேறொன்று. வரும் நாள் தெரிந்த பணத்திற்குப் பங்காளிகள் அதிகம். மளிகைக் கடைப் பற்று, பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மகன் கட்ட வேண்டிய தவணை என்று அது பத்தாந்தேதிக்குள் கரைந்து விடுகிறது. வீட்டுச் செலவுக்குப் பெரியவர்கள் கொடுப்பதில் குற்றமில்லை. சோற்றைப் பகிர்ந்து உண்பவர்கள் செலவையும் பகிர்ந்து கொள்வது இயற்கையே. ஆனால் கொடுப்பது வேறு. பாஸ் புத்தகத்தையும் அட்டையையும் பிறர் வாங்கி வைத்துக் கொள்வது வேறு. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 முதல் வீடு தேடியும் வருகிறது. எனினும் கண்ணாடி மாற்றவும், மகள் வீடு சென்று வரவும், வெற்றிலை பாக்குக்கும் ஒரு மூதாட்டி மருமகள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டுமென்றால், அவர் பெயரில் தொகை வந்து பயன் என்ன?

நம் சங்கங்களும் இங்கே தம்மைப் பார்த்துக் கொள்ள வேண்டும். கடன் பாக்கியுள்ள குடும்பத்தில் முதியவருக்கு மாதப் பணம் வருகிறதென்றால், அதைப் பாக்கியில் வரவு வைக்கலாமே என்ற யோசனை எழுவதுண்டு. வசூல் விகிதம் உயரும் என்பது அதற்குக் கூறும் காரணம். நாம் இதை ஒப்பவில்லை. ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தரின் பென்ஷனைக் கோர்ட்டு ஜப்தி செய்யலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காப்பளிக்கிறது. குமாஸ்தாவின் பென்ஷனுக்குள்ள மதிப்பை, நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்திருந்தவரின் 1200 ரூபாய்க்கு அவருடைய சொந்தச் சங்கமே தர மறுப்பதா? மகன் வாங்கிய கடனுக்கு மகனே பொறுப்பு.

இனி, பணம் பெறுவோர் செய்யத் தக்கவை. தொகை சில மாதம் பிந்தி வருவதுண்டு. ஆதலால் முதலில் ஒரு மாதத் தொகை அளவுக்குக் கையிருப்புச் சேர்த்து விட வேண்டும். மாதம் 100 ரூபாய் ஒதுக்கினால் ஒரு வருஷத்தில் அது சேர்ந்து விடும். அதன் பிறகு பணம் பத்து நாள் தாமதித்தாலும் வட்டிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மற்றொரு தொல்லை, விரல் ரேகை. நூலிலும் மண்வெட்டியிலும் தேய்ந்த விரலை இயந்திரம் அறிந்து கொள்வதில்லை. "ரேகை விழவில்லை, பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுவோர் ஆதார் நிலையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். அல்லது பாஸ் புத்தகத்துடன் வங்கிக் கிளைக்கே சென்று பணம் பெறலாம். படிப்பறிந்த சங்க ஊழியர் ஒருவர் துணைக்குச் சென்றால் பாதிச் சிரமம் தீரும்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய சிறு, குறு விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டத்தில், 18 வயதில் சேருவோர் மாதம் 55 ரூபாயும், 29 வயதில் சேருவோர் 100 ரூபாயும், 40 வயதில் சேருவோர் 200 ரூபாயும் கட்ட வேண்டும். சர்க்காரும் அதே அளவு சேர்க்கும். அறுபது வயதுக்குப் பின் மாதம் 3000 ரூபாய் கிடைக்கும். அவர் காலத்திற்குப் பின் துணைவருக்கு அதில் பாதி. அமைப்புசாராத் தொழிலாளருக்கும் அதே ஆண்டு இதே அளவில் ஒரு திட்டம் வந்தது. சேரத்தான் வேண்டும், ஆயினும் 3000 ரூபாய் என்பது நிலையாகக் குறித்த தொகை. 1962-இன் 20 ரூபாய் இன்று என்ன வாங்கும் என்று எண்ணிப் பார்த்தால், முப்பது வருஷத்திற்குப் பின் இந்த 3000 என்ன வாங்கும் என்பது விளங்கும். அதனோடு சங்கத்தில் சொந்தச் சேமிப்பும் இருந்தாக வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை இது. உதவித் தொகை பெறும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் சங்கம் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்கட்டும். பாஸ் புத்தகம் அவரிடமே இருக்கட்டும். அவர் கைப்பட எழுதிய சம்மதமின்றி, எழுதத் தெரியாதவராயின் இரு சாட்சிகள் முன் கைநாட்டு வைத்தாலன்றி, அதிலிருந்து ஒரு காசும் எவர் கடனுக்கும் வரவு வைக்கலாகாதெனத் தீர்மானம் வரட்டும். வரும் பொதுக்குழுவில் இதை முன்மொழிய அங்கத்தினர்களில் எவரேனும் எழுந்து நிற்பாராக. வழிமொழிய முதியோரே இருப்பார்கள்.