தொட்டி இருந்த இடம்

ஐப்பசி பிறந்தால் புதுச்சேரித் தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அரசவால் ஈப்பிடிப்பான் வந்துவிடும். வெயில் தாழும் நேரத்தில் கொய்யாக் கிளையிலிருந்து கிணற்றடித் தொட்டியில் பொத்தென்று விழும். நெஞ்சு நனைந்ததும் கிளைக்கே திரும்பி, சிறகை உதறிவிட்டு மறுபடி விழும். வெள்ளை ஆணுக்கு வால் மட்டும் ஏறக்குறைய ஓர் அடி. அந்த ஈர வால் நாடா போல் தொங்கத் தொங்க அது மேலேறும்போது பெரியம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவார்.

நாங்கள் பார்த்ததெல்லாம் அந்த வாலைத்தான். செங்காவி நிறத்தில் குட்டை வாலோடு வந்தவற்றைக் கொண்டைக்குருவி என்று ஒதுக்கினோம். அவையும் இதே இனம்தான்: பெண்கள், இல்லையென்றால் வால் வளராத இளம் ஆண்கள். நீள வால் வர ஆணுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். மத்தியப் பிரதேசத்தில் இது மாநிலப் பறவை. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியப் பறவைகளைப் படத்தோடு தன் பயண நூலில் வெளியிட்டது 1782-ல். அவர் பல வருஷம் வாழ்ந்த ஊர் இது. அதே ஊரில் பிறந்த நாங்கள் கொல்லையில் குளித்த பறவையின் பெயரை விசாரிக்கவே இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலேயே பெரிய மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் விழுந்த வேம்புக்கும் மாவுக்கும் பதில் நாங்கள் ஒரு கன்றுகூட நடவில்லை. விழாமல் நின்றவற்றையும் பயத்தைச் சொல்லி வெட்டினோம். பெரியம்மா போன பிறகு கிணற்றை மூடினோம், தொட்டியை இடித்தோம், கொல்லை முழுக்க சிமெண்ட் பூசினோம். கொசுவுக்குப் புகை அடியுங்கள் என்று கேட்டு வாங்கியதும் நாங்களே. பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்துத் தின்னும் பறவைக்கு வேண்டியது நிழல், பூச்சி, கொஞ்சம் தண்ணீர். மூன்றையும் எங்கள் கையால் எடுத்துவிட்டு, "இப்பல்லாம் வர்றதே இல்ல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அதுவும் பொய். போன கார்த்திகையில் செங்காவி நிறப் பறவை ஒன்று பக்கத்து வீட்டு முருங்கையில் வந்து உட்கார்ந்தது. தொட்டி இருந்த இடத்தை நோக்கி இறங்கி, அங்கே நிறுத்தியிருந்த பைக்குக்கு மேலே ஒரு கணம் சிறகடித்துவிட்டுக் கிளைக்குப் போனது. இன்னொரு முறையும் இறங்கிப் பார்த்தது.