பொதுச் சின்னமும் கலைஞனின் சுதந்திரமும்

இணையத்தில் ஒரு பத்திரிகையையோ ஓர் எழுத்தாளரின் கட்டுரைகளையோ விடாமல் படித்துவர விரும்பும் வாசகருக்கு, அங்கே புதிதாக வெளியாகும் ஒவ்வொன்றையும் வெளியான வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும் ஓர் ஏற்பாடு உண்டு. செய்தியோடை என்று தமிழிலும், ஆர்.எஸ்.எஸ். என்று கணினித் துறையிலும் வழங்கும் அந்த ஏற்பாட்டில், வாசகர் தம் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அவர் எதைப் படிக்கலாம் என்பதை இடையில் நின்று தீர்மானிப்பவரும் எவருமில்லை. அந்த ஓடை இருக்குமிடத்தை அறிவிப்பது, செம்மஞ்சள் சதுரத்தின் கீழ் இடமூலையில் ஒரு வெண்புள்ளியும், அதிலிருந்து மேல் வலப்புறமாக விரிந்து செல்லும் இரண்டு வெண்வளைவுகளுமாக அமைந்த ஒரு சிறு சின்னம். அதை வடிவமைப்பாளர்கள் எவ்வளவு தூரம் மாற்றி அலங்கரிக்கலாம் என்பதும், தளங்களை நடத்துவோர் அதை அடியோடு நீக்கிவிடலாமா என்பதும் அற்ப விஷயங்களாகத் தோன்றக்கூடும். ஆயினும், பொதுஜன உபயோகத்துக்கென்று ஏற்பட்ட ஒரு சின்னம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி அவ்விரண்டிலும் அடங்கியிருப்பதால், அவற்றை ஆற அமர ஆலோசிப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

செய்தியோடையின் முதல் வடிவத்தை, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற ராமநாதன் குஹாவும் அவருடைய சகாவான டேன் லிபியும், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1999 மார்ச் மாதத்தில் உருவாக்கினார்கள். அதன்பின் 2000-இல் ஒரு கிளையும், 2002-இல் மற்றொரு கிளையும், 2005-இல் ‘ஏட்டம்’ என்னும் தனி நியமமுமாக அது பல்கிப் பெருகியபோது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொத்தான் ஏற்பட்டு, ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பொத்தான்கள் அணிவகுத்து நின்று வாசகரைத் திகைக்க வைத்தன. அவற்றுள் மிகவும் பிரசித்தமாயிருந்தது, செம்மஞ்சள் செவ்வகத்தில் எக்ஸ்.எம்.எல். என்ற ஆங்கில எழுத்துகள் வெண்மையாகப் பொறித்த பொத்தான். ஓடை எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டது என்பதை அது சொல்லிற்றே ஒழிய, வாசகருக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்பதைச் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது, மோஸில்லாவின் பயர்பாக்ஸ் உலாவிக்கென்று ஸ்டீபன் ஹார்லாண்டர் வரைந்த சித்திரமே. எழுத்து ஒன்றுமின்றி, ஓரிடத்தில் புறப்படும் ஒன்று பல திசைகளிலும் பரவிச் செல்கிறது என்ற கருத்தை மட்டும் ஒரு புள்ளியாலும் இரு வளைவுகளாலும் புலப்படுத்திய அந்தச் சித்திரத்தை, உலாவிச் சந்தையில் மோஸில்லாவின் நேர் போட்டியாளராக விளங்கிய மைக்ரோசாப்ட், 2005 டிசம்பரில் தானும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. 2006 பிப்ரவரியில் ஓபரா என்னும் உலாவியும் அதே வழியில் சென்றது. வியாபாரப் பகைமையை ஒதுக்கிவைத்து, ஒருவர் வரைந்ததை மற்றவர் ஒப்புக்கொண்டு, வாசகரின் சௌகரியத்துக்காக எல்லோரும் ஒரே அடையாளத்தைக் கைக்கொண்ட இந்தச் சம்பவம் இணைய சரித்திரத்தில் அபூர்வமானது. எழுத்தே இல்லாத சின்னமாகையால், ஆங்கிலம் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும், எந்த நியமத்தில் அமைந்த ஓடைக்கும், அது சமமாகப் பொருந்திற்று என்பதே அதன் மேன்மை.

அடுத்து வந்த சில ஆண்டுகளில், உலகெங்குமுள்ள வடிவமைப்பாளர்கள் இச்சின்னத்தின்மீது தங்கள் கற்பனா சக்தியைத் தாராளமாகச் செலவிட்டார்கள். மரப்பலகையில் செதுக்கியது போலவும், துணியில் தைத்தது போலவும், தபால்தலை போலவும், காப்பிக் கோப்பையின் மேல் பொறித்தது போலவும், தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்தது போலவும் எத்தனையோ வடிவங்களை வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுமாறு பலர் இலவசமாகவே வழங்கினார்கள். அந்த உற்சாகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஒரு தளத்தின் வர்ணத்துக்கும் எழுத்துருவுக்கும் சுபாவத்துக்கும் இசையச் சின்னத்தை அமைப்பது உண்மையான கலைத் தொழிலே. எனினும், எத்தனை விஸ்தாரமாக ஆலாபனை செய்தாலும் ராகத்தின் ஜீவஸ்வரத்தைக் கைவிடாத பாடகரைப் போல, இச்சின்னத்தைக் கையாளும் கலைஞரும் அதற்கு உயிர்நிலையானவற்றைத் தொடாமல் விடவேண்டும்.

அந்த உயிர்நிலைகள், புள்ளியும், இரண்டு வளைவுகளும், அவை சாய்ந்து நிற்கும் கோணமும் ஆகிய மூன்றே. கோணத்தை ஏன் சேர்த்தேன் என்றால், மேல் வலப்புறம் நோக்கிய வளைவுகளை நிமிர்த்தி நேர்மேலே பார்க்கும்படி திருப்பிவிட்டால், அது கம்பியில்லா இணைப்பைக் குறிக்கும் வைஃபை அடையாளமாகவே கண்ணுக்குத் தோன்றும். நிறத்தை மாற்றலாம், ஆனால் சித்திரத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 3:1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டுமென்று சர்வதேச அணுகல் நெறிகள் விதிப்பதை மறக்கலாகாது. மிகப் பிரகாசமான செம்மஞ்சளின் மேல் வெள்ளை வளைவுகள் அந்த அளவை எட்டுவது கடினமாகையால், நிறத்தைச் சற்று ஆழப்படுத்துவது கலைஞர் தாராளமாகச் செய்யத்தக்க திருத்தம். தொடுதிரையில் விரல் தடுமாறாதபடி, நீளத்திலும் அகலத்திலும் 24 பிக்சலேனும் இடம் ஒதுக்கவேண்டும். பார்வையற்றோர் திரைவாசிப்பான் மூலம் அறிந்துகொள்ளும்படி, படத்தின் உட்குறிப்பில் அதன் உபயோகத்தை எழுதிவைக்கவேண்டும். சின்னத்தின் அருகே தமிழில் இரண்டொரு சொற்களையும் சேர்த்துவிட்டால், அதை முதன்முதலாகக் காண்பவருக்கும் விளங்காமற் போகாது.

ஆனால், அதிக அலங்காரத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து இச்சின்னத்துக்கு வேறு திசையிலிருந்து வந்தது. அதைப் பிரபலப்படுத்திய பயர்பாக்ஸே 2011-இல் முகவரிப் பட்டையிலிருந்து அதை அகற்றிற்று. கூகுள் ரீடர் என்னும் வாசிப்புச் சேவை 2013 ஜூலை 1-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் வெளியான பயர்பாக்ஸ் பதிப்பில், ஓடைகளைக் காட்டும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. இவற்றைக் கண்டு, யாரும் உபயோகிக்காத ஒன்றுக்கு இடம் எதற்கு என்று தளங்களை நடத்துவோர் கேட்கிறார்கள். ஓடைகள் மறைந்துவிடவில்லை என்பதே இதற்கு மறுமொழி. பல லட்சம் பேர் நாள்தோறும் கேட்கும் பாட்காஸ்ட் ஒலிபரப்புகள் இதே நுட்பத்தின் மீதே நடைபெறுகின்றன. வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைந்த தளங்கள் கேளாமலேயே ஓடையை உற்பத்தி செய்து வைத்திருக்கின்றன. 2004-இல் தோன்றிய தமிழ்மணம் என்னும் இணையதளம், எங்கெங்கோ சிதறிக் கிடந்த தமிழ் எழுத்துகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்ததும் இந்த ஓடைகளின் உதவியால்தான். வசதி இன்றும் இருக்கிறது. அது இருப்பதைத் தெரிவிக்கும் அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டு, அதை நாடி வருவோர் இல்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

சமூக ஊடகங்களில் பின்தொடர்ந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே எந்தக் கட்டுரை எவர் கண்ணில் படவேண்டும் என்பதை அந்நிறுவனங்களின் கணக்கீட்டு முறைகள் நிச்சயிக்கின்றன. அம்முறை ஒருநாள் மாறினால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த வாசகர் கூட்டமும் எழுத்தாளருக்கு எட்டாமற் போய்விடும். ஓடையிலோ, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே மூன்றாமவரின் தயவு தேவைப்படுவதில்லை. விளம்பர வருமானம் குறையுமே என்று கவலைப்படும் பத்திரிகைகள், தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் ஓடையில் தந்து, முழுக் கட்டுரைக்குத் தளத்துக்கே வாசகரை வரவழைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, தமிழ்ச் செய்தித்தளங்களும், அறிவிப்புகளை வெளியிடும் அரசுத் துறைகளும், நூலகங்களும், பல்கலைக்கழகங்களும் இச்சின்னத்தை மீண்டும் தத்தம் முகப்பில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கவேண்டும். அதை வரைய நம்முடைய இளம் சித்திரக்காரர்களை அழைக்கவேண்டும். அவர்களும் தங்கள் கைவண்ணத்தை நிறத்திலும் கோட்டிலும் காட்டி, புள்ளியையும் வளைவுகளையும் அவற்றின் சாய்வையும் உள்ளபடியே காப்பாற்றவேண்டும். போட்டியாளர்கள் கூடி ஒப்புக்கொண்டு பொதுவில் விட்டுச் சென்ற சொத்து இது. அழகுக்காக அதை உருத்தெரியாமல் மாற்றவும், அலட்சியத்தால் அதை ஒழித்துவிடவும் நம்மில் எவருக்கும் அதிகாரமில்லை.