அரண்மனையில் பொங்கலா?

வரும் பொங்கல் விழாவை ஓர் அரண்மனை ஓட்டலில் ‘ராஜ விருந்தாக’ நடத்தலாம் என்று நம் வைட்ஃபீல்ட் அன்பர்கள் சிலர் யோசனை கூறியுள்ளனர். அவர்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

மைசூர் லலித மகாலையே எடுத்துக்கொள்வோம். வைஸ்ராய் தங்குவதற்கென்று நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1974இல் ஓட்டலாயிற்று. அன்று பதவிக்குத் திறந்த கதவு பிறகு பணத்துக்கும் திறந்தது. நல்ல மாற்றம்தான். குடும்பத்தோடு ஒரு நாள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். யார் வேண்டாம் என்றது?

பொங்கல் விழா அப்படியல்ல. அது சங்கத்தார் எல்லோருக்கும் உரியது. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த நம் குடும்பங்கள் எங்கே உட்காரும்?

இந்த ஊரில் பெரியவர்களைக் கௌரவிக்க மைசூர்ப் பேட்டா சூட்டுவார்கள். ராஜ விருந்தில் அது பரிமாறுபவரின் சீருடை ஆகிவிடுகிறது.

சென்ற பொங்கலன்று பள்ளிக்கூட மண்டபத்துப் பந்தியில், காவலாளியாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டார். ஒரு கம்பெனி மேலாளரின் இலையருகே குனிந்து, “கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி” என்றார். அன்று விருந்தளித்தவர் அவர்தான். ஓட்டலில் அவருக்கு அந்த இடம் கிடைக்குமா?

செயற்குழுவினர் மறுபடியும் அதே மண்டபத்தையே எடுக்க வேண்டுகிறேன். பரிமாற நான் வருகிறேன்.