கூலி: ஆளை விழுங்கிய சொல்

மலையக எழுத்திலிருந்து 'கூலி' என்ற சொல்லை அறவே அகற்றிவிட வேண்டும் என்றொரு கருத்து எமது இலக்கியக் கூட்டங்களில் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் காயப்படுத்துகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நான் பதுளை பஸாரில் பிறந்து வளர்ந்தவன். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சம்பளத்துக்குப் பின் சாமான் வாங்க வரும் சனங்களை அச்சொல்லால் விளிப்பதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அகற்றுவதை எதிர்க்கிறேன். குற்றம் செய்தவன் வேறொருவனாக இருக்க, தமிழ்ச் சொல்லைத் தூக்கில் போடுவது நியாயமாகாது.

ஆங்கில அகராதிகளில் இன்று பழமைப்பட்டது, இழிவானது என்று குறிக்கப்படும் 'கூலி' எங்கிருந்து போனது? 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி இரண்டு வழிகளைப் பேசுகிறது. ஒன்று, குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயர். மற்றது, எமது தமிழ்க் கூலி. இரண்டும் கலந்திருக்கலாம் என்பாருமுண்டு. எப்படியாயினும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது வேரூன்றத் தமிழே துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழில் கூலி என்பது ஆளல்ல. உழைப்புக்கு உரிய ஊதியம். திருக்குறளின் 619ஆவது குறளில், முயற்சி தன் உடல் வருத்தத்துக்கேற்பத் தரும் பயனுக்கு வள்ளுவர் வைத்த பெயர் கூலி. முஸ்லிம்களாகிய எமக்கு இச்சொல் இன்னும் நெருக்கமானது. குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'அஜ்ர்' என்ற அரபுச் சொல்லுக்குக் கூலி என்றும் நற்கூலி என்றும்தான் எழுதியிருக்கிறார்கள். நோன்பின் கூலி, பொறுமையின் கூலி என்று பயான்களில் கேட்டு வளர்ந்த சமூகம் இது. வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியை அறியாதவர் எம்மில் யார்? இறைவனிடம் எதிர்பார்க்கும் ஒன்றின் பெயர் எப்படி இழிசொல்லாகும்?

தமிழர் வாய் சுத்தமென்று நான் வாதிடவில்லை. 'கூலிக்கு மாரடிப்பது' என்ற ஏளனம் எமது மொழியில்தான் இருக்கிறது. ஆனால் 'கூலியாள்' என்றபோது அதில் ஓர் ஆள் இருந்தான். ஆங்கிலம் அந்த ஆளை வெட்டியெறிந்துவிட்டுக் கூலியை மட்டும் வைத்துக்கொண்டது. கொடுக்க வேண்டிய காசின் பெயரே மனிதனின் பெயராயிற்று.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது மொரீசியஸுக்கும் கயானாவுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் இந்தச் சொல்லும் கப்பலேறியது. தென்னாபிரிக்காவில் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். சீனத்தில் இதே ஒலிக்குக் 'கசப்பான உழைப்பு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பொருத்திக்கொண்டார்கள்.

இலங்கையில் கங்காணி முறை இருந்தது. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு விலகுவதே குற்றம். கூலியைத் தராமல் இழுத்தடித்த துரைமார் பலர். கூலி என்று பெயர் பெற்றவர்களோ கடனாளிகள். தோட்டத்தில் பேசப்பட்ட தமிழுக்குக்கூட இப்பெயர் ஒட்டியது. துரைமாருக்காக வெல்ஸ் என்பவர் எழுதிய கைநூலின் பெயரே 'கூலித் தமிழ்'. தோட்டமோ பட்டாளம்போல் நடந்தது. படைவீரர் குடில் வரிசையைக் குறித்த 'லைன்' லயமானது. 'பரேட்' பிரட்டு ஆனது.

சட்டத்தின் மொழி பிறகு மாறியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் தலைப்பில் 'இந்தியத் தொழிலாளர்' என்றே இருக்கிறது. பெயர் திருந்தி இருபத்தோராண்டுகளில், 1948இல், அதே தொழிலாளரின் பிரஜாவுரிமை பறிபோனது. பெயர் மாற்றத்தில் விடிவைக் காண்பவர்கள் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். இந்தியாவிலும் 2016இல் ரயில் நிலையச் சுமைதூக்குவோருக்கு 'சஹாயக்' என்று பெயர் சூட்டினார்கள். தலைச்சுமை இறங்கியதா?

எமது தோட்டங்களில் இன்னொரு விசித்திரத்தைப் பாருங்கள். நாள் சம்பளத்துக்கு அங்கே 'பேர்' என்று சொல்வார்கள். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஆங்கிலம் சம்பளத்தை மனிதனின் பெயராக்கியது. செக்ரோல் மனிதனின் பெயரைச் சம்பளமாக்கியது. நாள் முழுதும் மலையேறி இறங்கிய பெண்ணின் பேரைப் பாதியாக நறுக்கும் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, அகராதியோடு மல்லுக்கு நிற்பதில் என்ன பயன்? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவை லயங்கள். அப்போது அங்கிருந்தவர்களை எந்த அரச ஆவணமும் கூலிகள் என்று எழுதியிருக்காது.

மொரீசியஸ் கவிஞர் கால் டோராபுல்லி இந்த வசையையே கொடியாகப் பிடித்துக் 'கூலித்துவம்' என்றொரு சிந்தனையை முன்வைத்தார். மதிக்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைத்தது வசையாகிப்போன சொல் மட்டுமே. எமக்கோ மூலச் சொல் கையிலேயே இருக்கிறது. நாம் வசையைத் தழுவவும் வேண்டாம். சொல்லைப் புதைக்கவும் வேண்டாம். அதன் பழைய பொருளை மீட்டால் போதும்.

1940இல் ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்து, துரை அதனோடு கலந்து பேச வேண்டிய நிலையை உண்டாக்கினார்கள். துரைமாரின் வாயில் அவர்கள் கூலிகள். தங்களுக்கு அவர்கள், கூலி கேட்கிற மனிதர்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே மலையகத்தின் வரலாறு.

எனவே எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சிறியது. மனிதரைக் கூலி என்று எழுதாதீர்கள். தொழிலாளி என்றோ, அவரவர் பெயராலோ எழுதுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கூலி என்றே எழுதுங்கள். 'நலன்புரி', 'ஊக்குவிப்பு', 'கொடுப்பனவு' என்று பூசி மெழுகாதீர்கள். அவற்றில் கொடுப்பவரின் கை மேலே நிற்கிறது. கூலி என்றால் அது கடன். கொடுத்தே தீர வேண்டியது.

எமது பஸார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தோட்டக்காட்டான்' என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே ஜும்ஆவில் நற்கூலி வேண்டி நிற்கிறோம். அந்தச் சனங்களின் கூலி புழங்காத கல்லாப்பெட்டி பதுளை நகரில் ஒன்றாவது உண்டா?