சிவகாமி வரலாறா, ஃபேன்டஸியா? மாமல்லபுரம் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்துவிட்டு மாமல்லபுரம் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐந்து ரதங்களைப் பார்த்ததுமே, ஆயனரின் உளி பட்ட கல் எது, சிவகாமி நின்ற இடம் எது என்று கண் தேட ஆரம்பித்துவிடும். கிடைக்காது. ஏன்னா, அந்த அப்பாவும் மகளும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள்.

அப்போ இத்தனை நாள் நம்பியது வீண்தானா? இல்லை. அதை ஒரு நல்ல ஃபேன்டஸி நாவலாகப் படிப்பதுதான் சரி.

எது நிஜம், எது கதை?

1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த நாவல் இது. மகேந்திரவர்மன், அவர் மகன் நரசிம்மவர்மன் என்ற மாமல்லன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி ஆகிய மூவரும் நிஜம். சுமார் 642-ல் வாதாபி பல்லவர் கையில் விழுந்ததும் நிஜம். அந்தப் படையெடுப்பில் இருந்த பரஞ்சோதிதான் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர்.

சிவகாமி, அவளுடைய சபதம், அழியாத அஜந்தா வர்ணத்தின் ரகசியத்துக்கு ஏங்கும் ஆயனர், சக்கரவர்த்தியின் முகச்சாயலோடு உளவு பார்க்கும் நாகநந்தி பிக்ஷு... இதெல்லாம் கல்கியின் கைவண்ணம். ரகசியம், விஷம், சபதம், முற்றுகை என ஒரு ஃபேன்டஸி ரசிகர் கேட்கும் அத்தனையும் இதில் இருக்கு.

ஃபேன்டஸின்னு சொன்னா குறைவா?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைக்கு இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள் ஒரு தூண்டுதல். அதற்காக யாரும் அதை இங்கிலாந்து வரலாறாகப் படிப்பதில்லை, ரசிப்பதும் குறையவில்லை. நம்ம ஊர் நாவலுக்கு மட்டும் ‘உண்மைச் சம்பவம்’ என்ற முத்திரை எதற்கு?

முத்திரை குத்தினா என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், எதிராளியின் கதை காணாமல் போவது. நாவலில் புலிகேசி வில்லன். கர்நாடகத்தில் அவர் வடநாட்டு ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய மாவீரர். 634-ஆம் ஆண்டின் ஐஹொளெ கல்வெட்டில் கவிஞர் ரவிகீர்த்தி, பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்ததாகப் பாடியிருக்கிறார். அதே பகைதான், சொல்கிற ஆள் வேறு. நாவலே வரலாறு என்று நம்பிவிட்டால் இந்தக் குரல் காதில் விழாது.

இரண்டாவது நஷ்டம், கண் முன்னால் நிற்கும் கல்லே மறைந்துவிடுவது. கடற்கரைக் கோயில் மாமல்லன் கட்டியதல்ல. பின்னால் வந்த ராஜசிம்மன் காலத்தது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மனுடையவைதான் என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை, விவாதம் நீண்டது. எல்லாப் பெருமையையும் ஒரே கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டால் இந்தச் சுவாரஸ்யம் போச்சு.

என்ன செய்யலாம்?

நாவலை நாவலாகவே ரசிக்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் போனிலேயே இலவசமாகப் படிக்க முடியும். நான்கு பாகம் என்று பயப்பட வேண்டாம். தொடர்கதை என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததுக்கு இழுத்துட்டுப் போகும். முடித்ததும் ஐஹொளெ கல்வெட்டின் மொழிபெயர்ப்பையும் ஒரு தடவை தேடிப் படித்துவிட்டால், ஒரு போரின் இரண்டு பக்கமும் கையில் இருக்கும்.

கல்கி செய்த பெரிய காரியம், வரலாற்றுப் பாடம் நடத்தியதல்ல. ஒரு கல்லைப் பார்த்ததும் ‘இதைச் செதுக்கியது யார்?’ என்று கேட்க வைத்தது. அதற்கான பதிலை நாவலிலேயே தேடினால்தான் தப்பு. வெஸ்டெரோஸுக்கு எந்த ஊரிலிருந்தும் பஸ் கிடையாது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு இருக்கு.