‘இங்கு நான் நலம்’ என்ற முதல் வரி



குட்மேய்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி மாலை நேரத்தில் வீட்டுக்கு நடக்கும் எவரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஒரு கையில் சாமான் பை, மற்றக் கையில் கைத்தொலைபேசி. முகம் தெரியவேண்டும் என்பதற்காகக் கடை வெளிச்சத்தின் கீழ் நின்று கதைக்கும் எங்கள் பெடியன்கள். “நான் நல்லா இருக்கிறன். வேலையும் சுகம். நீங்கள் சாப்பிட்டாச்சோ?” என்று கேட்டுவிட்டு, தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்ததும் அந்த முகம் வேறு முகமாகிவிடும்.

இம்முறை அப்படியான ஒரு தம்பியைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். பெயர் வேண்டாம். அகதி அந்தஸ்துக் கிடைத்து இரண்டு வருடமாகிறது. ஊரில் ஒரே ரியூட்டரியில் படித்த பிள்ளையை விரும்பியவர். இரு வீட்டாரும் பின்னர் சம்மதித்துவிட்டார்கள். பிள்ளை யாழ்ப்பாணத்தில், இவர் இங்கே. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கொப்பிகளுடன் எமது வீட்டுக்கு வந்தார். கொப்பிகளில் இருந்தது ஒரு நாவல், அவருடைய முதல் நாவல். எழுதி முடித்தது ஐந்து அத்தியாயம்.

“அண்ணை, இதை அவவுக்கு அனுப்பலாமோ எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

வாசித்தோம். முதல் இரண்டு அத்தியாயங்களும் ஊரைப் பற்றியவை. மூன்றாவது அத்தியாயத்தில் கதை இலண்டனுக்கு வருகிறது. இரவு முழுவதும் பெற்றோல் செற்றில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஒருவன். காலையில் அவன் திரும்பிப்போகும் அறையில் நான்குபேர் முறை வைத்து உறங்குகிறார்கள். படுக்கை ஒருநாளும் ஆறுவதில்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் அந்த அத்தியாயத்தில் பொய் இருக்கவில்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. தம்பி அந்தப் பிள்ளைக்கு இதுவரை சொல்லியிருந்தது வேறு. ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை, தனியறை, இரவில் நல்ல நித்திரை. இங்கு இரவு ஒரு மணிக்கு, அங்கு பனிக்காலக் கணக்கில் காலை ஆறரை, அவர் அழைப்பது வேலையிடத்துக் களஞ்சிய அறையிலிருந்து. பின்னால் தெரியும் பெட்டிகளைப் பற்றி அவ கேட்டபோது “ஒபீஸ் சாமான்” என்று சொல்லியிருக்கிறார்.

நாம் முதலில் சொன்ன புத்தி பிழையான புத்தி. அதை ஒளிக்காமல் எழுதுகிறோம். “தம்பி, மூன்றாம் அத்தியாயத்தை இப்போதைக்கு மாத்தி எழுதும். கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்றோம்.

தேநீருடன் வந்த எமது துணைவியார் அதைக் கேட்டு நின்றுவிட்டார். “இவர் சொல்லுறதைக் கேளாதையும் தம்பி” என்றார். பிறகு எமது பழைய கதை ஒன்றை அவருக்குச் சொன்னார்.

நாம் இங்கு வந்த காலத்தில் இந்த முகம் பார்த்துப் பேசும் வசதி கிடையாது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணம் போய்வந்த யாழ்தேவி நின்றது. அது மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்ரோபரில்தான். ஏ9 வீதியோ 2002 வரை மூடிக்கிடந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் நீல நிற எயார்மெயில் கடிதம். அது போய்ச்சேர வாரங்கள் ஆகும், சிலவேளை மாதங்களும் ஆகும். அந்தக் கடிதம் ஒவ்வொன்றும் ‘இங்கு நான் நலம், உமது நலமறிய ஆவல்’ என்றே தொடங்கும். வேலை இல்லாத மாதத்திலும் அதுதான் முதல் வரி. சுடுநீர் இல்லாத அறையில் கம்பளிக்குள் இருந்து எழுதியபோதும் அதுதான் முதல் வரி.

நான்கு வருடம் கழித்து அவர் வந்து இறங்கினார். எமது அறையைக் கண்டார். வறுமையைக் கண்டு அவர் கோபிக்கவில்லை. அன்று இரவு அவர் சொன்னது இதுதான்: “நாலு வருசமா நீங்கள் எனக்கு வேறை ஒரு ஆளைப் பற்றியெல்லோ எழுதினீங்கள். நான் காத்திருந்தது அந்த ஆளுக்கு. உங்களை எனக்குத் தெரியாது.” எங்களை மறுபடி அறிமுகம் செய்துகொள்ள இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

உறவுகளே, பிரிவு என்பது எங்களுக்குப் புதிய விடயமல்ல. பொருள் தேடிப் பிரிவதற்கென்றே தனிப்பெயர் வைத்து, அதற்குப் பாலைத்திணை என்று நிலமும் ஒதுக்கிய இலக்கியம் எங்களுடையது. கடிதமும் நாவலும் ஒன்றுக்கொன்று அந்நியமானவையும் அல்ல. மறைமலையடிகள் 1921இல் வெளியிட்ட ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்ற நாவல், ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்தது. எதிரில் இல்லாத ஒருவருக்கு, அவர் கண்ணால் காணும்படி எங்கள் நாளைச் சொல்வதுதான் கடிதம். நாவலும் அதையே செய்கிறது. ஆகவே தூரத்துத் துணைக்கு உண்மையாக எழுதத் தெரியாதவர் நாவலிலும் உண்மையாக எழுதுவது கடினம் என்பது எமது எண்ணம்.

ஆனால் எழுத்து மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக்கூடாது. பிராக் நகரில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்த காஃப்கா என்ற எழுத்தாளர், 1912 ஓகஸ்ட்டில் பெலீசே பவர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவ இருந்தது பெர்லினில். செப்ரெம்பரில் அவவுக்கு முதல் கடிதம் எழுதினார். இரண்டு நாள் கழித்து ஒரே இரவில், விடியும்வரை இருந்து ஒரு சிறுகதையை எழுதி முடித்தார். அதை அவவுக்கே சமர்ப்பணம் செய்தார். ஐந்து வருடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள். இரண்டு முறை நிச்சயதார்த்தம், இரண்டு முறையும் முறிவு. 1917இல் எல்லாம் முடிந்தது. உலகுக்குப் பெரிய எழுத்தாளர் கிடைத்தார். ஆனால் அந்தக் கடிதங்கள் இருவரையும் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. எழுதும் கடிதம் பாலமாக இருக்கிறதா, மதிலாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

தம்பி அன்று இரவே மூன்று கொப்பிகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் எமக்கும் நித்திரையில்லை. ஒரு சம்பந்தத்தைக் குழப்பிவிட்டோமோ என்று துணைவியாரிடம் இரண்டு தடவை கேட்டும்விட்டோம்.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. அவ அழுதாவாம், ஏசினாவாம். பிறகு, “மூன்றாம் அத்தியாயம்தான் நல்லாயிருக்கு, முதலாம் அத்தியாயத்தில எங்கட வீட்டுக் கிணத்தைப் பிழையான பக்கத்தில வைச்சிருக்கிறீங்கள்” என்றாவாம். அதற்குப் பிறகு தன்னுடைய ஒளிப்பையும் சொல்லியிருக்கிறா. தகப்பனுக்குச் சுகமில்லாமல் போனபின் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, எட்டு மாதமாகப் பட்டணத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறாவாம். இவருக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று சொல்லவில்லையாம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நோகாமல் காப்பதாக எண்ணி, இரண்டு பொய் மனிதர்களுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது இருவரும் சேர்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கு இலேசானதல்ல. இங்கிருந்து துணையை அழைப்பவர் காட்டவேண்டிய வருட வருமானம் 2012 ஜூலையில் 18,600 பவுண் என்று வகுக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுணாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். அந்தச் சம்பளத்தில் வாரம் 40 மணித்தியாலம் உழைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 25,400 பவுண்தான் வரும். 29,000ஐத் தொட வாரம் 46 மணித்தியாலம் வேண்டும். (சட்டங்கள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்குமுன் தகுதிபெற்ற சட்ட ஆலோசகரை அணுகுங்கள். கடைவாசலில் கேட்ட புத்தியை நம்பிப் பணத்தைக் கட்டாதீர்கள்.)

இதைப் பார்த்த தம்பி, “அப்ப நாவலை நிப்பாட்டுறன். அவ வந்தபிறகு எழுதுவம்” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்தப் பிள்ளை சம்மதிக்கவில்லை. “செவ்வாயும் வெள்ளியும் எனக்கு எடுக்காதேங்கோ. அந்த ஒரு மணித்தியாலம் எழுதுங்கோ. எழுதினதை ஞாயிற்றுக்கிழமை எனக்கு அனுப்புங்கோ” என்று ஒழுங்கு வைத்திருக்கிறா. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம். சிறிய அளவுதான். ஆனால் முன்பு ஒரு நாளைக்கு மூன்று தடவை ‘நல்லா இருக்கிறன்’ என்று சொன்னதைவிட இதில் நெருக்கம் கூட என்று தம்பியே சொல்கிறார்.

காலம் பிந்துகிறதே என்று கவலைப்படுவோருக்கு ஒருவரை நினைவூட்டுகிறோம். அ. சிவானந்தன் 1923இல் கொழும்பில் பிறந்தவர். 1958 கலவரத்துக்குப் பின் இலண்டன் வந்தவர். இங்கு நூலகராக வேலை செய்து, பின்னர் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். இலங்கையின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லும் அவருடைய முதல் நாவலான ‘வென் மெமரி டைஸ்’ வெளிவந்தது 1997இல். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தமிழிலேயே எழுதமுடியுமா என்று கேட்போருக்கு, இலண்டனில் வாழ்ந்துகொண்டு ‘தேம்ஸ் நதிக்கரையில்’ முதலான நாவல்களைத் தமிழில் எழுதிய இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் இருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 1879இல் தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் முன்சீப்பாக உத்தியோகம் பார்த்தவர். வேலையை விட்டால்தான் எழுத்து வரும் என்பதற்கு எங்கள் வரலாற்றில் ஆதாரம் குறைவு.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. உங்கள் வீட்டில் ஒரு பெடியனோ பெட்டையோ இரவில் கொப்பியுடன் இருந்தால், “இதால சோறு வருமோ?” என்று கேட்காதீர்கள். ஊரில் ஒருவர் காத்திருந்தால், அவருக்கு இந்த வாரம் ஒரு உண்மையைச் சொல்லுங்கள். பெரிய உண்மை வேண்டாம். கால் குளிரில் விறைத்ததைச் சொல்லலாம். பஸ்ஸைத் தவறவிட்டு நடந்ததைச் சொல்லலாம். அவர்களும் தங்கள் உண்மையைச் சொல்ல அது இடம் கொடுக்கும்.

தம்பியின் விண்ணப்பம் இன்னும் போகவில்லை. சம்பளச் சீட்டுகள் சேரவேண்டும். என்ன முடிவு வரும் என்று எமக்கும் தெரியாது. நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. கிணற்றை மாத்திரம் சரியான பக்கத்துக்கு மாற்றிவிட்டாராம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.